காந்தளூர்ச் சாலை: ஒரு சாசனத் தொடர் ஆய்விதழ்களில் கடந்து வந்த வழி

1. முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை முதலில் பாறசாலையையும் பின்னர் நெய்யாற்றின்கரையையும் தொடுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் முதல் களியக்காவிளை தமிழ்நாட்டிலும் (அன்றைய சென்னை மாநிலத்திலும்) பாறசாலை கேரளத்திலும் உள்ளன. அதற்கு முன் இரண்டும் திருவிதாங்கூர் அரசின் ஊர்களே. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதி முழுவதும் ஆய் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடற்கரையில் உள்ள விழிஞம் அவர்களுடைய துறைமுகமாக விளங்கியது.

இந்நிலப்பகுதியின் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் அறிஞர் உலகின் பார்வைக்கு வந்தது ஆய்விதழ்களின் வாயிலாகவே. கல்லில் இருந்த எழுத்து மைப்படியாகி, மைப்படி மூலபாடமாகி, மூலபாடம் மொழிபெயர்ப்பாகி, மொழிபெயர்ப்பு கட்டுரையாகி அச்சேறிய வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றை ஒரே ஒரு சாசனத் தொடரைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளில் வரும், காந்தளூர்ச் சாலையில் அவன் 'கலமறுத்தருளிய' செய்தியே அத்தொடர். அதன் பொருள் பலமுறை மாறியது. அதன் மூலபாடமோ மாறவில்லை. இவ்வேறுபாடு ஏன் நிகழ்ந்தது என்பதை அறிவது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பயன்தருவதாகும்.

2. பார்த்திவபுரச் செப்பேடு

காந்தளூர்ச் சாலை எத்தகைய நிறுவனம் என்பதை அறியப் பெரிதும் துணை செய்யும் சான்று எல்லைப்புற ஊர் ஒன்றிலிருந்தே கிடைக்கிறது. களியக்காவிளைக்குத் தெற்கே முன்சிறைக்கு அருகில், அன்றைய விளவங்கோடு வட்டத்தில் அமைந்தது பார்த்திவபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் தன் ஆட்சியின் 9ஆம் ஆண்டில் முன்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து நிலம் பெற்று, அங்குத் திருமாலுக்குக் கோயில் எடுத்து, அவ்வூர்க்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான். அக்கோயிலோடு சேர்த்து 95 சட்டர்க்குரிய சாலை ஒன்றையும் நிறுவினான். இச்செய்திகளைக் கூறும் செப்பேடு கலியுக நாட்கணக்கால் காலம் குறிக்கப்பெற்றது. அக்கணக்கு கி.பி. 866ஆம் ஆண்டுக்குப் பொருந்துகிறது.

95 இடங்களும் வேதப் பிரிவுகளுக்கு ஏற்பப் பங்கிடப்பட்டன. பவிழியர்க்கு 45, தைத்திரீயர்க்கு 36, தலவகாரர்க்கு 14 என அவை அமைந்தன. சாலையில் சேர்வோர் இலக்கணம், மீமாம்சை, புரோகிதம் ஆகியவற்றில் தேர்ச்சி உடையவராயும் மூன்று அரசுகளின் நடைமுறை அறிந்தவராயும் இருத்தல் வேண்டும் என்ற விதியும் உண்டு. ஒழுங்கு மீறுவோர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. இவ்வேற்பாடுகளுக்கெல்லாம் முன்மாதிரியாகச் செப்பேடு சுட்டுவது காந்தளூர் மரபையே என்பது இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. எனவே 9ஆம் நூற்றாண்டிலேயே காந்தளூர்ச் சாலை பிற சாலைகள் பின்பற்றத்தக்க பெருமை பெற்றிருந்தது என்பது தெளிவு. இராசராசன் அங்குக் கலமறுத்த செய்தி அவனுடைய 4ஆம் ஆட்சியாண்டு முதல், அதாவது ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின்னர், கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது.

இச்செப்பேடு திருவனந்தபுரம் அசூர் அலுவலகத்தில் வைக்கப்பட்டிருந்தமையால் ஆய்வாளரிடையே 'அசூர் அலுவலகச் செப்பேடு' என வழங்கலாயிற்று. ஒரு சாசனம் கிடைத்த ஊரின் பெயரை விட அது காக்கப்பட்ட அலுவலகத்தின் பெயர் நிலைத்துவிட்டது. ஊரார்க்கும் ஆய்வுக்கும் இடையே இருந்த தொலைவை இப்பெயரே காட்டுகிறது.

3. சுந்தரம் பிள்ளையும் முதற் கட்டுரைகளும்

திருவிதாங்கூர் வரலாற்றைக் கல்வெட்டுகளைக் கொண்டு எழுதும் முயற்சி பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையிடம் உருப்பெற்றது. 1855இல் ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய அவரைத் தமிழுலகம் 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் ஆசிரியராகவே பெரிதும் அறியும். ஆனால் அவர் 1897இல் தம் 42ஆம் வயதில் மறைவதற்கு முந்திய சில ஆண்டுகளில் செய்த சாசனப் பணி, நாடகப் பணிக்குக் குறைந்தது அன்று.

அவருக்கு முன் திருவிதாங்கூர் வரலாறு பெரிதும் தலபுராணங்களையும் அரண்மனை ஏடுகளையும் சார்ந்திருந்தது. பி. சங்குண்ணி மேனன் 1878இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாறு அம்முறையின் சிறந்த எடுத்துக்காட்டு. சுந்தரம் பிள்ளை கோயில்தோறும் சென்று வட்டெழுத்துக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, கொல்லம் ஆண்டு குறிக்கப்பெற்ற சாசனங்களை வரிசைப்படுத்தி, 12, 13ஆம் நூற்றாண்டு வேணாட்டு மன்னர்களின் நிரலை அமைத்தார். திருவனந்தபுரத்தில் பொது விரிவுரையாக வழங்கப்பெற்ற அந்த ஆய்வு, 'திருவிதாங்கூரின் முற்கால மன்னர் சிலர்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில், 1895இல் பம்பாயிலிருந்து வெளிவந்த 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழின் 24ஆம் தொகுதியில் தொடர்ந்து அச்சேறியது.

இவ்வழி தற்செயலாக அமைந்தது அன்று. அந்நாளில் திருவிதாங்கூரில் சாசன ஆய்வுக்கெனத் தனி இதழ் இல்லை. தமிழிலும் அத்தகைய இதழ் அப்போது தோன்றவில்லை. 1872இல் சேம்சு பர்சசு தொடங்கிய 'இந்தியன் ஆன்டிகுவரி', சாசனங்களின் மூலபாடத்தையும் விளக்கத்தையும் விரிவாக வெளியிட இடமளித்தது. எனவே கல்குளம் வட்டத்து மணலிக்கரைக் கல்வெட்டில் ஊர்ச்சபையும் நில வரியும் பற்றிய செய்தியை முதன்முதல் உலகறியச் செய்ய விரும்பிய ஒருவர், ஆங்கிலத்தில் எழுதிப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டியிருந்தது. கல்வெட்டின் மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து, ஆய்வின் மொழி ஆங்கிலம். அதனைப் படித்தோருள் அக்கல்வெட்டு நின்ற ஊரார் இல்லை.

இருப்பினும் இவ்வழி ஒரு பெரும்பயனையும் தந்தது. சென்னை அரசின் கல்வெட்டாய்வாளர் ஊல்ழ்சு முதலியோர் படிக்கும் இதழில் திருவனந்தபுரத்துத் தமிழாசிரியர் அல்லாத ஒரு தமிழறிஞரின் கட்டுரை அவர்களுடைய கட்டுரைகளோடு ஒருங்கே நின்றது. திருஞானசம்பந்தரின் காலம் குறித்த அவருடைய ஆய்வும் இவ்வாறே ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, அறிஞரிடையே பரவி, தமிழ் இலக்கிய வரலாற்றின் காலவரையறைக்கு உறுதியான அடித்தளம் ஒன்றை அமைத்தது. ஊரறிவும் அச்சு வாய்ப்பும் ஒருவரிடமே கூடிய இடத்தில் ஆய்வு முன்னேறியது எனலாம்.

4. ஆய்விதழ் வகுத்த கட்டமைப்பு

ஆய்விதழ் என்னும் வடிவம் ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இலண்டன் வேந்தியற் கழகத்தின் இதழ் 1665இல் தொடங்கியது. கட்டுரையை வெளியிடுமுன் துறையறிஞர் எழுத்து மூலம் மதிப்பிடும் வழக்கம் அக்கழகத்தில் 1830களில் உருப்பெற்றது. இந்தியச் சாசன இதழ்களில் நெடுங்காலம் இம்முறை இல்லை. பதிப்பாசிரியரின் புலமையே மதிப்பீடாக நின்றது. எனினும் அவ்விதழ்கள் வேறொரு வகையான காப்பினைத் தமக்குத் தாமே அமைத்துக்கொண்டன. அதுவே கட்டுரையின் கட்டமைப்பு.

'எபிகிராபியா இண்டிகா' முதலிய வெளியீடுகளில் ஒரு சாசனக் கட்டுரை பொதுவாகப் பின்வரும் உறுப்புகளைக் கொண்டிருந்தது: சாசனம் இருக்கும் இடமும் அதன் அளவும், எழுத்தின் இயல்பு, மொழியின் இயல்பு, காலம், அதன்பின் வரியெண்ணிட்ட மூலபாடம், அதன்பின் மொழிபெயர்ப்பு, இயலுமிடத்து மைப்படியின் நிழற்படம். ஐயத்துக்குரிய எழுத்துகள் பிறைக் குறிகளுள் அடைக்கப்பட்டன. பதிப்பாசிரியரின் ஊகம் மூலத்தினின்று பிரித்துக் காட்டப்பட்டது.

இக்கட்டமைப்பின் நோக்கம் படிப்பவரை நம்பவைப்பது அன்று. மறுக்கத் துணை செய்வது. மூலபாடம் இன்றி மொழிபெயர்ப்பு மட்டும் அச்சிடப்படுமாயின், படிப்பவர் மொழிபெயர்ப்பாளரை நம்பலாம், அல்லது நம்பாமல் விடலாம். அவ்விரண்டன்றி அவருக்கு வேறு வழியில்லை. மூலபாடம் உடனிருப்பின் அவர் மொழிபெயர்ப்பைத் திருத்தலாம். நிழற்படமும் இருப்பின் மூலபாடத்தையே திருத்தலாம். வட்டெழுத்தில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. சில எழுத்துகள் வடிவால் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆதலின் வேணாட்டுச் சாசனங்களுக்கு இக்காப்பு மிகவும் இன்றியமையாதது.

5. ஒரு தொடருக்குப் பல மொழிபெயர்ப்புகள்

ஊல்ழ்சு பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. இராசராசனின் மெய்க்கீர்த்தியை மொழிபெயர்த்தபோது, அவன் காந்தளூரில் அணிகலன் போன்ற மண்டபம் ஒன்றைக் கட்டினான் என்று அவர் பொருள்கொண்டார். கலம் என்பதை அணிகலமாகவும் சாலை என்பதை மண்டபமாகவும் கொண்டதன் விளைவு இது. அடுத்து வந்த இரண்டாம் தொகுதியில் அவரே அதனைக் கைவிட்டு, காந்தளூரில் உள்ள சாலையில் கலத்தை வெட்டினான் என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, கலம் என்ற மூலச்சொல்லையும் பிறைக்குறிக்குள் தந்தார். இவ்விரண்டாம் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் பொருள் விளங்காதது. ஆயினும் முன்னதை விட நேர்மையானது. தமக்குப் பொருள் தெளியாத இடத்தை அது மறைக்கவில்லை.

பின்னர் கலம் என்பதை மரக்கலமாகக் கொள்ளும் பொருள் பரவலாயிற்று. காந்தளூர்ச் சாலை ஒரு துறைமுகம் அல்லது கடற்படைத் தளம் என்றும், அங்கிருந்த சேரர் கப்பல்களை இராசராசன் அழித்தான் என்றும் வரலாற்று நூல்கள் எழுதின. கே. ஏ. நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறு 1930களில் வெளிவந்தபின் இக்கருத்துப் பாடநூல்களிலும் நிலைபெற்றது. விழிஞத்தையும் சாலையையும் அடுத்தடுத்துக் கூறும் கலிங்கத்துப்பரணி போன்ற சான்றுகள் போர்ப் பொருளுக்கு அரண் செய்வனவாக இருந்தன.

பார்த்திவபுரச் செப்பேடு அச்சேறியபின் வினா வேறு வடிவம் பெற்றது. 1908இல் திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த து. அ. கோபிநாத ராவ், 'திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை' என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் தொகுதி 1910 முதல் 1913 வரை பகுதிபகுதியாக வெளிவந்தது. கருநந்தடக்கனின் செப்பேடு அதில் மூலபாடத்தோடு இடம்பெற்றது. சாலை என்பது சட்டர்க்கு உணவும் உறையுளும் அளித்துக் கல்வி பேணிய அறநிலையம் என்பதை அச்செப்பேடு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. அங்ஙனமாயின் அங்கு அறுக்கப்பட்ட கலம் எது?

இவ்விடத்தில் சொற்பொருள் ஆய்வு தேவைப்படுகிறது. கலம் என்ற சொல் உண்கலம், மரக்கலம், அணிகலம், படைக்கலம், முகத்தல் அளவை முதலிய பல பொருள்களைத் தருவது. அறுத்தல் என்பதும் வெட்டுதல், நீக்குதல் என்பவற்றோடு முடிவு செய்தல், வரையறை செய்தல் ஆகிய பொருள்களையும் தரும். வழக்கறுத்தல், அறுதிக்கிரையம் என்னும் வழக்குகளில் இப்பொருள் இன்றும் உண்டு. சாலை என்பதோ பிற்காலத் தமிழில் பெருவழியைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது. திருவிதாங்கூர்ப் பகுதியில் அறச்சாலை, ஊட்டுச்சாலை என்னும் பழம்பொருளின் நினைவு ஊர்ப்பெயர்களில் தங்கிற்று. திருவனந்தபுரத்து வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் இருப்பதும், காந்தளூர் அதுவே எனப் பலர் கொள்வதும் இதனோடு தொடர்புடையன.

உணவுச்சாலை என்ற பொருளைத் திருவிதாங்கூர் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். கவிமணி சி. தேசிகவிநாயகம் பிள்ளை அதனை விரிவாக ஆராய்ந்து, கப்பற்போர்க் கருத்தை மறுத்துக் 'காந்தளூர்ச் சாலை' என்னும் ஆய்வை எழுதினார். கலம் உண்கலமாயின், கலமறுத்தல் என்பது சாலையில் உண்போர் உரிமையை வரையறுத்ததாகவோ அதனை நிறுத்தியதாகவோ ஆகும். 1970இல் எம்.ஜி.எஸ். நாராயணன் எழுதிய கட்டுரை இன்னொரு திசையைத் திறந்தது. சாலை வேதக் கல்வியோடு படைக்கலப் பயிற்சியும் அளித்த நிறுவனம் என்றும், சட்டர் அரசியலில் பங்குகொண்ட படைப்பயிற்சி பெற்ற மாணவர் என்றும் அவர் வாதிட்டார். இக்கருத்தின்படி சோழன் அங்குப் படையெடுத்தமைக்கும் காரணம் கிடைக்கிறது. சாலையின் கல்வி இயல்பும் மாறுபடவில்லை.

ஆக, அணிகல மண்டபம், வெட்டப்பட்ட கலம், அழிக்கப்பட்ட கப்பல், வரையறுக்கப்பட்ட உண்கலம், அடக்கப்பட்ட படைப்பயிற்சிக் கூடம் என ஒரே தொடர் ஐவகையாகப் பொருள்கொள்ளப்பட்டது. இவற்றுள் முடிந்த முடிபு இது என இன்றும் கூறுவதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கருத்தை மறுத்தவர் புதிய கல்லைத் தேடிச் செல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. முந்தையவர் அச்சிட்ட மூலபாடத்தையே எடுத்துக்கொண்டு, அதன் அருகே வேறொரு மூலபாடத்தை வைத்து, மறுத்தார்.

6. தமிழில் ஆய்வெழுதும் முயற்சி

1901இல் நிறுவப்பெற்ற மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902இல் 'செந்தமிழ்' இதழைத் தொடங்கியது. சாசனத் தமிழைத் தமிழிலேயே ஆராய அது களம் அமைத்தது. கோபிநாத ராவ் ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழிலும் சோழர் வரலாற்றை எழுதினார். செந்தமிழின் ஆசிரியர்களுள் ஒருவரான மு. இராகவையங்கார் 1940களில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார்; அவரையடுத்து எஸ். வையாபுரிப் பிள்ளை அப்பொறுப்பை ஏற்றார். 1907இல் பண்டித தே. சவரிராயர் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய 'தமிழியன் ஆன்டிகுவரி'யோ தமிழாய்வுக்கென்றே தோன்றிய இதழாயினும் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது.

இவ்விரு வழிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. தமிழில் எழுதியவர்க்குத் தமிழறிந்தோர் வாதத்தின் நுண்மையை உணரும் வாய்ப்பு உண்டு. கலம் என்பதை எப்பொருளில் கொள்வது என்று எழுதுகையில் அச்சொல்லையே பயன்படுத்தி வாதிடலாம். ஆங்கிலத்தில் எழுதியவர் முதலிலேயே ஒரு பொருளைத் தெரிந்தெடுத்தால் அன்றி ஒரு வாக்கியத்தையும் முடிக்க இயலாது. மொழிபெயர்ப்பு என்பது தீர்ப்பு. தமிழ்க் கட்டுரை தீர்ப்பை ஒத்திவைக்க இடம் தருகிறது. ஆனால் தமிழ்க் கட்டுரையின் வாதம் தமிழறியாப் பதிப்பாசிரியரையும் வரலாற்றாசிரியரையும் சென்றடையவில்லை. கவிமணியின் மறுப்புத் தமிழுலகில் பாராட்டப்பட்ட பின்னரும், கப்பல் அழித்த செய்தி ஆங்கில நூல்களில் நெடுங்காலம் தொடர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பிற்காலச் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளின் போக்கும் இங்கு நினைக்கத்தக்கது. முதல் தொகுதிகளில் மூலபாடத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தது. 1920களில் வெளிவந்த 4ஆம் தொகுதி முதல் மூலபாடங்களே பெரும்பாலும் அச்சிடப்பட்டன. மொழிபெயர்ப்பு இல்லாமை குறையே. எனினும் அத்தொகுதிகள் பயன் இழக்கவில்லை. மூலபாடம் இன்றி மொழிபெயர்ப்பு மட்டும் அச்சேறியிருப்பின் அவை இன்று பயனற்றவையாகியிருக்கும்.

7. எல்லைக் கோடும் ஆய்வும்

1950களில் சாசன மொழி பற்றிய வினா அரசியலோடு கலந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தெற்கு வட்டங்களோடு நெய்யாற்றின்கரை வட்டத்தையும் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் எனக் கோரியது. 1954ஆம் ஆண்டு ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. புதுக்கடை பார்த்திவபுரத்துக்கு அண்மையில் உள்ள ஊர். மாநிலச் சீரமைப்பின்போது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை முதலிய ஊர்களில் வாழ்ந்த தமிழர் மொழிச் சிறுபான்மையர் ஆயினர்.

இச்சூழலில் ஒரு கல்வெட்டின் மொழியைத் 'தமிழ்' என்றோ 'பழைய மலையாளம்' என்றோ குறிக்கும் ஒரு சொல்லே வழக்கின் சான்றாகக் கருதப்படும் நிலை தோன்றியது. மூலபாடங்கள் முழுமையாக அச்சில் இருந்தமையே அவ்வாய்வை அப்போதும் காத்தது. ஏ. சி. சேகர் 1953இல் வெளியிட்ட மலையாள மொழி வளர்ச்சி பற்றிய நூல் சாசன மொழியை அடிப்படையாகக் கொண்டது. சாசனத்துக்குப் பதிப்பாசிரியர் இட்ட மொழிப்பெயரை ஏற்காத ஒருவரும் அதில் வரும் வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் தாமே எண்ணிக் காணலாம். பெயர் விவாதத்துக்குரியது, உருபு கண்முன் நிற்பது.

எல்லைக்குப் பின் பதிப்புப் பணியும் இரண்டாயிற்று. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கன்னியாகுமரிக் கல்வெட்டுகளைத் தனித் தொகுதிகளாக வெளியிட்டது. கேரளத்தில் புதுச்சேரி இராமச்சந்திரன் போன்றோர் கேரள வரலாற்றின் அடிப்படை ஆவணங்களை மலையாள வாசகர்க்காகத் தொகுத்தனர். ஒரே ஆய் மன்னனின் சாசனங்கள் இரு மொழி நூல்வரிசைகளில் பிரிந்து நின்றன. விளவங்கோட்டுக் கல்வெட்டைத் தமிழ்த் தொகுதியில் காணும் ஆய்வாளர், நெய்யாற்றின்கரைக் கல்வெட்டுக்கு வேறு நூலகம் தேட வேண்டும். எல்லைக்கு முந்திய 'திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை' இருபுறத்துச் சாசனங்களையும் ஒருசேரத் தந்த வெளியீடாக இன்றும் பயன்படுவது இதனால்தான்.

இப்பிரிவைக் கடக்கும் முயற்சி மொழியியலில் நிகழ்ந்தது. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையிலும், பின்னர் மொழியியல் துறையிலும் பணியாற்றினார். 1971இல் திராவிட மொழியியற் கழகம் திருவனந்தபுரத்தில் தோன்றியது. 1972இல் திராவிட மொழியியல் பன்னாட்டு ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. 1895இல் பம்பாய்க்கு அனுப்பப்பட்டது போன்ற ஒரு கட்டுரை, 77 ஆண்டுகளுக்குப் பின் பாறசாலையிலிருந்து சிறு பயணத் தொலைவிலேயே அச்சேறும் நிலை உருவாயிற்று. ஆயினும் அதன் மொழி ஆங்கிலமே.

இன்றைய ஆய்வு மாணவரின் நிலையும் இதனோடு தொடர்புடையது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு நெறிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் மதிப்பீட்டுக்குட்பட்ட ஆய்விதழில் குறைந்தது ஒரு கட்டுரையேனும் வெளியிடப்பெற வேண்டும் என்றன. 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளில் அக்கட்டாயம் நீங்கியது. இடையில் 2019 முதல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலை அக்குழு பேணியது. 2025இல் அதனைக் கைவிட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே ஒப்படைத்தது. பட்டியலில் இதழின் பெயர் உண்டா என்பது ஒரு வினா. அவ்விதழில் வந்த கட்டுரையைப் பிறரால் சோதிக்க முடியுமா என்பது வேறொரு வினா. காந்தளூர்ச் சாலையின் வரலாறு இரண்டாம் வினாவையே பெரிதாகக் காட்டுகிறது.

அவ்வினாவுக்குப் பாறசாலை என்னும் பெயரே ஓர் எடுத்துக்காட்டு. அதன் பின்னுறுப்புச் சாலை என்றே தோன்றுகிறது. பார்த்திவபுரமும் வலியசாலையும் அமைந்த நிலப்பகுதியில் இதுவும் பழைய அறச்சாலை ஒன்றின் எச்சமாகலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் பெயரொற்றுமை ஒன்றே சான்றாகாது. அப்பெயரின் பழைய வடிவம் எந்த ஆவணத்தில், எந்த ஆண்டில், எவ்வாறு எழுதப்பட்டது என்பதைக் காட்டி, அவ்வாவணத்தின் வரிகளையும் உடன் அச்சிடும் கட்டுரையே ஆய்வாகும். அவ்வாறன்றி வெளிவருவது ஊகம் அச்சேறியதாகவே முடியும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, எல்லைப்புறச் சாசனங்கள் அறிஞர் உலகை அடைந்த வழியை அவற்றின் மொழியோ ஊரோ தீர்மானிக்கவில்லை. அச்சு வாய்ப்பு இருந்த இடமே தீர்மானித்தது. பம்பாய், சென்னை, மதுரை, திருவனந்தபுரம் என அவ்விடம் மாறியது.

இரண்டாவது, ஊல்ழ்சு தம் முதல் மொழிபெயர்ப்பைத் தாமே திருத்தியதும், பிறர் அவரைத் திருத்தியதும், அவர்களை வேறு சிலர் மறுத்ததும் மூலபாடம் உடனிருந்தமையால் இயன்றன. மொழிபெயர்ப்பாளரின் பிழை வெளிப்படுவதற்கு அவரே வழி அமைத்துத் தருதல் வேண்டும். ஐயமுள்ள சொல்லை மூலவடிவிலேயே உடன் தருவது அதற்கு எளிய வழி.

மூன்றாவது, தமிழில் எழுதப்பெறும் ஆய்வு ஆங்கில ஆய்வுக்கு மாற்று அன்று. அதற்குத் துணையும் அன்று. சொல்லின் பல பொருள்களையும் ஒருசேர நிறுத்தி ஆராயும் இடம் அது. அவ்வாய்வு பிறமொழியாளரை அடையும் வகையில் மொழிபெயர்க்கப்பட வேண்டும். சிறப்பாக, களியக்காவிளைக்கு இருபுறமும் நடக்கும் ஆய்வுகள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே நேராக மொழிபெயர்க்கப்பட வேண்டும். கருநந்தடக்கனின் சாசனத்தைத் தமிழ் ஆய்வாளரும் மலையாள ஆய்வாளரும் ஆங்கிலத்தின் வாயிலாகவே ஒருவர்க்கொருவர் விளக்கிக்கொள்ளும் நிலை நெடுங்காலம் நீடித்துவிட்டது.

கலமறுத்தல் என்பதன் பொருள் இனியும் மாறக்கூடும். அதனை மாற்றப்போகும் கட்டுரை எந்த மொழியில், எந்த இதழில் வந்தாலும், 1890 முதல் அச்சில் இருக்கும் அதே எழுத்துகளைத்தான் அது மேற்கோளாகக் கொள்ளும்.